விருந்தாளி எழுதிய பயணம்

நமது சஞ்சிகைகளிலே குறைவின்றி விளைந்து வரும் உரைநடை வடிவம் எதுவென்று கேட்டால், சிறுகதை என்று சொல்லவே எல்லோருக்கும் விருப்பம். எனக்கென்னவோ அது மாநாட்டுப் பயணக் கட்டுரை என்றே படுகிறது. 1979இலும் 2002இலும் கொழும்பிலே உலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள் நடந்தபோது தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இலங்கையைப் பற்றி எழுதினார்கள். நம்மவர்கள் சென்னைக்கும் காயல்பட்டினத்துக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள், வந்து எழுதினார்கள். சிலர் நூலாகவும் போட்டார்கள்.

இக்கட்டுரைகளின் அமைப்பு வாசகர்களுக்கு மனப்பாடம். கட்டுநாயக்கவில் விமானம் தாமதம். இறங்கிய இடத்தில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி ஓர் இளைஞர். ஹோட்டல் அறையின் குளிர். காலையில் தொடக்க விழா, அமைச்சர் வரப் பிந்தியதால் நிகழ்ச்சி பிந்தியமை, பொன்னாடை, மலர் வெளியீடு. பகலில் பிரியாணி. பிற்பகல் ஆய்வரங்கில் இருபது பக்கக் கட்டுரையை ஐந்து நிமிடத்தில் வாசிக்கும்படி தலைவர் துண்டுக் காகிதம் அனுப்பியமை. இரவு கவியரங்கு. மூன்றாம் நாள் பஸ்ஸில் ஏற்றிச் சுற்றுலா. இறுதியாக, விருந்தோம்பிய நண்பர்களின் நீண்ட பெயர்ப் பட்டியலும், கண்கள் பனிக்க விடைபெற்றமையும்.

எள்ளி நகையாடுவது என் நோக்கமல்ல. நானும் அப்படி ஒன்றை ஆறு பகுதிகளாக எழுதியவன்தான். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். என் கேள்வி வேறு. அழைப்பின் பேரில் போகிறவன், அழைத்தவரின் செலவில் உண்டு உறங்கி வருகிறவன், திரும்பி வந்து எதை எழுதுகிறான், எதை எழுதாமல் விடுகிறான்? பயண இலக்கியம் பற்றிய நமது விமர்சனங்கள் நடை, வருணனை, தகவல் என்று சுற்றிச் சுற்றி வருகின்றனவே தவிர, இந்த இடத்துக்கு வருவதில்லை. பயண எழுத்தாளனின் இன்றைய வாழ்க்கையோ பெரும்பாலும் அழைப்புகளால் ஆனது. மாநாடு அழைக்கிறது; எழுத்தாளர் முகாம் அழைக்கிறது; தொண்டு நிறுவனம் 'வந்து பாருங்கள், எழுதுங்கள்' என்கிறது. தன் கைக்காசில், தான் நினைத்த திசையில், யாருக்கும் சொல்லாமல் கிளம்பிப் போகிறவர் அரிது.

நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை தனது பயணப் பக்கங்களுக்கு எழுதுவோர் இலவசச் சீட்டோ இலவச அறையோ ஏற்கக்கூடாதென்று விதி வைத்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, அவற்றில் பாதியை அன்பளிப்பாகக் கொடுத்து, அச்சகத்துக்குத் தவணை சொல்லிக் காலம் தள்ளும் சஞ்சிகைகளின் உலகில் அது செல்லாக் காசு. காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடுநாடாக அலைந்து, 1940இல் ஆவணப்படத்தை வெளியிட்ட ஏ.கே. செட்டியாரைத் தமிழ்ப் பயண எழுத்தின் முன்னோடி என்கிறோம். அவரைப் போலத் தானே ஒரு வேலையை வகுத்துக்கொண்டு அலைய எத்தனை பேரால் முடியும்? ஆகவே அழைப்பை ஏற்கலாமா கூடாதா என்று விவாதிப்பதில் பயனில்லை. ஏற்றவன் வாசகனிடம் அதை எப்படிச் சொல்கிறான் என்பதையே பார்க்க வேண்டும்.

இதற்கு நல்ல உரைகல் நமக்குத் தெரிந்த பழைய பயணிதான். 1325இல், இருபத்தொரு வயதில், தஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, ஏறத்தாழ முப்பது வருடங்கள் விருந்தாளியாகவே வாழ்ந்தார். மன்னர்களின் அவைகள், காழிகளின் வீடுகள், ஸூபிகளின் ஸாவியாக்கள். இன்றைய பேராளர் அட்டை அவர் கழுத்தில் தொங்கவில்லை என்பதே வித்தியாசம். அவரை உலகம் சுற்றிய வீரர் என்று நாம் புகழ்கிறோம். நான் அவரை மதிப்பது வேறொரு காரணத்துக்காக. யார் என்ன கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பதை அவர் கணக்குப்பிள்ளையைப் போலச் சொல்லி வைத்திருக்கிறார்.

தில்லிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். முஹம்மத் பின் துக்ளக் வெளிநாட்டவர்களை வாரி அணைத்த சுல்தான். ஆனால் அவர் முன்னால் வெறுங்கையோடு போக முடியாது. பரிசோடு போக வேண்டும். கொடுத்ததைவிடப் பல மடங்கு பெறுமதியான பரிசைச் சுல்தான் திருப்பிக் கொடுப்பார். இதை அறிந்த சிந்து நாட்டு வணிகர்கள், வருகின்ற பயணிகளுக்குக் கடனுக்குக் குதிரையும் ஒட்டகமும் பண்டமும் கொடுத்து, சுல்தானின் பரிசு வந்ததும் இலாபத்தோடு வசூலித்துக் கொள்வார்கள். தானும் அப்படித்தான் போனேன் என்கிறார் இப்னு பதூதா. காழிப் பதவி கிடைக்கிறது. வருடத்துக்கு 12,000 தீனார் சம்பளம். அதுவும் போதாமல் கடன் 55,000 தீனாராக ஏறி நிற்கிறது. அதை அடைக்கும்படி சுல்தானிடமே கவிதை பாடிக் கேட்கிறார். இதையெல்லாம் அவர் மறைத்திருக்கலாம். 'தில்லி சுல்தான் என் அறிவை மெச்சி என்னைக் காழியாக்கினார்' என்ற ஒரே வாக்கியத்தோடு முடித்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நம்மவர்கள் அப்படித்தான் முடிக்கிறார்கள்.

அதே சுல்தானின் வாசலில் கிடந்த பிணங்களையும் அவர் சொல்கிறார். கொடுப்பதிலும் கொல்வதிலும் ஒரே அளவு வேட்கை கொண்டவர் என்று தன் விருந்தளிப்பாளரை எடைபோடுகிறார். உண்ட சோறும் கண்ட இரத்தமும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன.

நம் மண்ணுக்கு 1344இல் அவர் வந்ததும் அழைப்பாளியாகவல்ல. காற்று தள்ளிக்கொண்டு வந்த கப்பலில். ஆனால் புத்தளத்தில் இறங்கிய சில நாட்களிலேயே விருந்தாளியாகி விடுகிறார். ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் புரிந்திருக்கிறது. பிற நாட்டு மன்னர்களின் கதைகளைக் கேட்பதில் ஆசை. முத்துக்களைக் காட்டி, அவற்றைக் கொடுத்து, வேண்டியதைக் கூச்சமின்றிக் கேளும் என்கிறார். பாவாதமலையைத் தரிசிக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்கிறார் இவர். உடனே பல்லக்கு, வருடந்தோறும் மலைக்குப் போகும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், மன்னரின் ஆட்கள் பதின்மர், உணவு சுமக்கப் பதினைந்து பேர். நமது மாநாடுகளின் மூன்றாம் நாள் சுற்றுலாவை நினைத்துப் பாருங்கள். ஏற்பாட்டுக் குழுவின் பஸ்தான் அந்தப் பல்லக்கு. ஆனால் பல்லக்கை யார் கொடுத்தார், உடன் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் மலையின் அழகுக்கு வருகிறார். ஆகவே அவர் கண்ட இலங்கை, மன்னரின் ஆட்கள் நடுவே நின்று கண்ட இலங்கை என்பதை அறிந்தே நாம் வாசிக்கிறோம்.

இத்தோடு நிறுத்தினால் இப்னு பதூதாவுக்கும் பொன்னாடை போர்த்தியதாகிவிடும். அவரிடத்தும் ஓர் ஓட்டை உண்டு. ரிஹ்லா 1355-56இல் ஃபெஸ் நகரில் அவர் சொல்ல, இப்னு ஜுஸையி எழுதியது. எழுதுவித்தவர் மரீனிய சுல்தான் அபூ இனான். துக்ளக் அப்போது இறந்து நான்கைந்து வருடங்கள். ஃபெஸ் நகருக்கும் தில்லிக்கும் இடையே பாதி உலகம். அவரைப் பற்றி உண்மை சொல்வதால் இவருக்கு ஒரு நட்டமும் இல்லை. அபூ இனானைப் பற்றியோ புத்தகத்தில் புகழைத் தவிர வேறில்லை. இப்னு ஜுஸையியின் முன்னுரை அதற்கு மேல். அதாவது, முன்பு சோறு போட்டவரைப் பற்றித் தாராளமாகப் பேசிய நாக்கு, இப்போது சோறு போடுகிறவரைப் பற்றி அடங்கிக் கிடக்கிறது. பயண எழுத்தின் மிகக் கடினமான இடம் இதுவென்றே நினைக்கிறேன். பழைய விருந்தாளித்தனத்தைக் கேலி செய்து எழுதுவது சுலபம். இன்றைக்கு யார் பந்தியில் இருக்கிறோமோ அவரைப் பற்றி எழுதுவதுதான் பாடு.

அந்தப் பரிசுகள் என்னவாயின என்பதையும் அவரே சொல்கிறார். மலபார்க் கரையோரமாகப் போகையில் கடற்கொள்ளையர்கள் மறித்தார்கள். இலங்கை மன்னர் கொடுத்த மணிகள், நல்லடியார்கள் கொடுத்த உடைகள், வழிச்சாப்பாடு எல்லாம் போயின. காற்சட்டையோடு மட்டும் கரையில் விட்டார்கள்.

மாநாட்டிலிருந்து தனித்திருத்தலுக்கு வருவோம். எழுத்தாளர் ஒதுங்கியிருந்து எழுதவோ தியானிக்கவோ போகும் முகாம்கள் இன்று உலகெங்கும் பெருகிவிட்டன. அவற்றிலிருந்து ஒரு தனி இலக்கியமே கிளம்பியிருக்கிறது. அதன் முதன்மையான பெயர் பிக்கோ ஐயர். சென்னையிற் பிறந்த தத்துவப் பேராசிரியர் ராகவன் ஐயரின் மகன். 1957இல் ஒக்ஸ்போர்டில் பிறந்து, பின்னர் கலிபோர்னியாவுக்கும் யப்பானுக்கும் இடையே வாழ்க்கையைப் பங்கிட்டுக் கொண்டவர். 1988இல் வெளியான 'வீடியோ நைட் இன் காத்மண்டு' மூலம் பயண எழுத்தாளராகப் பெயர் பெற்றார். 1990இல் காட்டுத் தீயில் வீடும் கையெழுத்துப் பிரதிகளும் எரிந்துபோக, அடுத்த வருடம் கலிபோர்னியாவின் பிக் சர் மலைச்சரிவில் கடலைப் பார்த்திருக்கும் கத்தோலிக்கத் துறவியர் மடம் ஒன்றுக்குப் போனார். அதன் பிறகு முப்பது வருடங்களுக்கு மேலாகத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறார். 2025இல் வெளியான 'அஃப்ளேம்' அந்த அனுபவங்களின் தொகுப்பு. இத்தனைக்கும் அவர் கிறிஸ்தவரல்லர்.

'அஃப்ளேம்' நல்ல நூல். துறவிகளின் முதுமையையும், மலைச்சரிவு விழுந்து வீதி மூடப்படும் காலங்களையும், தீ நெருங்கி வரும் இரவுகளையும் அவர் மறைக்கவில்லை. முப்பது வருடம் ஒரே இடத்துக்குப் போனவரிடம் மட்டுமே வரக்கூடிய பொறுமை அதில் இருக்கிறது. எனக்கு உறுத்துவது 2014இல் வந்த அவரது சிறிய நூல், 'த ஆர்ட் ஒஃப் ஸ்டில்னெஸ்'. எங்கும் போகாதிருத்தலின் அருமையைச் சொல்லும் அந்நூல் டெட் எனும் பெரும் உரைமேடை அமைப்பின் வெளியீடு. அதே மேடையில் அதே பொருளில் அவர் உரையாற்றியுமிருக்கிறார். கவிஞரும் பாடகருமான லெனர்ட் கோஹன் மலைமேல் ஸென் மடத்தில் இருந்த கதையோடு தொடங்கி, கூகுள் நிறுவன ஊழியர்களின் தியான வகுப்பு வரை வந்து விடுகிறது. மௌனம் அங்கே ஓய்வு நாளாகிறது. ஓய்வெடுத்தவன் இன்னும் திறமையாக வேலை செய்வான் என்பது சொல்லாமற் சொல்லப்படுகிறது. அசையாதிருப்பதைப் பற்றிப் பேச அழைத்த மேடையைப் பற்றி, அந்த மேடையில் யார் அமர்ந்திருந்தார்கள், ஏன் அவர்களுக்கு அந்தப் பேச்சு இனித்தது என்பதைப் பற்றி, அந்நூல் வாய் திறக்கவில்லை. இங்கும் அதே ஓட்டைதான்.

இமாம் கஸ்ஸாலியின் தனித்திருத்தலோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் துலங்கும். பக்தாத் நிஸாமிய்யாவில் முந்நூறு மாணவர்களுக்குப் போதித்துக் கொண்டிருந்தவர். அக்காலத்தின் மிகப் பெரிய மேடை அது. 1095இல் அவருக்கு நாவே எழவில்லை. பாடம் சொல்ல முடியாமற் போயிற்று. பதவியை விட்டு டமஸ்கஸ் போய், உமையாப் பள்ளியின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ஹெப்ரோனில் நபி இப்றாஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் மூன்று விடயங்களை நேர்ந்துகொண்டார். ஆட்சியாளரிடம் போவதில்லை, ஆட்சியாளரின் பணத்தை ஏற்பதில்லை, பொது விவாத அரங்குகளில் கலந்து கொள்வதில்லை. இன்றைய மொழியில் சொன்னால், அமைச்சரும் வேண்டாம், அனுசரணையும் வேண்டாம், கருத்தரங்கும் வேண்டாம். 1106இல் மீண்டும் நைஸாப்பூரில் கற்பிக்கப் போக நேர்ந்தபோது, ஆட்சியாளரின் கட்டளை வந்ததையும், தன் மனம் அதோடு போராடியதையும் அவரே எழுதி வைத்தார். சபதம் தளர்ந்ததா இல்லையா என்று அறிஞர்கள் வாதிக்கட்டும். அழைத்தவர் யார் என்பதை அவர் ஒளிக்கவில்லை என்பதே எனக்கு வேண்டியது.

இப்னு பதூதாவும் ஒதுங்கியிருந்தவர்தான் என்பது பலருக்கு நினைவில்லை. சுல்தானின் சந்தேகத்துக்கு ஆளாகி உயிருக்குப் பயந்தபோது, உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தில்லிக்கு வெளியே குகையில் வாழ்ந்த ஷெய்கு ஒருவரோடு ஐந்து மாதம் இருந்தார். பின்னர் சீனாவுக்குத் தூதராகப் போகும்படி அழைப்பு வந்தது. ஏற்றுக்கொண்டார். கஸ்ஸாலி ஆக எல்லோராலும் முடியுமா? அவரது தயக்கமின்மையைக் கூட நான் ரசிக்கிறேன்.

மூன்றாவது வகையான தொண்டுப் பயணம் பற்றி எழுதுவதற்கு எனக்கு இரவல் அனுபவம் தேவையில்லை. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை எங்கள் கல்முனைக் கரையோரத்தைத் துடைத்தெடுத்த பின், அடுத்த வருடம் முழுவதும் எங்கள் ஊர்களில் வெள்ளை வாகனங்களும் வெளிநாட்டுத் தொண்டர்களும் நிறைந்திருந்தார்கள். அவர்களில் பலர் உழைத்தார்கள். கிணறு இறைத்தார்கள், காயம் கட்டினார்கள். அதை மறப்பது நன்றி கெட்டதனம். ஆனால் அவர்களில் எழுத்தாளர்களும் இருந்தார்கள். கொப்பியும் கெமராவுமாகத் திரிந்த ஐரோப்பிய இளைஞர் ஒருவரை நினைவிருக்கிறது. பன்னிரண்டு நாள் தங்கினார். பிள்ளைகளுக்குச் சித்திரம் வரையக் கற்பித்தார். போகும்போது, எடுத்த படங்களை அனுப்புவதாகச் சொன்னார். பக்கத்துக் கொட்டிலில் இருந்த சிறுவன் ஒருவன் ஒரு வருடம் தபாற்காரரைக் கேட்டுக் கொண்டிருந்தான்.

அவர் எழுதிய கட்டுரையின் பிரதி பிறகு எனக்குக் கிடைத்தது. அழகாகத்தான் எழுதியிருந்தார். எல்லாம் இழந்தும் புன்னகை இழக்காத மக்கள், தேநீர் கொடுத்த உம்மா, கடல் மேல் விழுந்த அந்தி வெயில். அந்தப் புன்னகைக்காரர்கள் ஏன் தங்கள் வளவுக்குத் திரும்பாமல் தகரக் கொட்டிலில் வெந்து கொண்டிருந்தார்கள்? 2005இல் அரசாங்கம் கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டத் தடை விதித்திருந்தது. எங்கள் கரையோர ஊர்கள் ஒடுங்கிய நிலத்துண்டுகள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். 200 மீற்றர் போனால் ஊரில் மிஞ்சுவது என்ன? ஊரே அதைப் பற்றித்தான் இரவு பகலாகப் பேசியது. கட்டுரையில் அது இல்லை. அவரை அழைத்து வந்த நிறுவனம் அரசின் அனுமதியோடு வேலை செய்தது என்பது காரணமா, அல்லது அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லையா, நானறியேன். நானும் அந்நாட்களில் கொப்பியோடு திரிந்தவன். மூதாட்டி ஒருவர் என்னைப் பார்த்து, "எந்த நிறுவனம் மனே? பேர் பதியவா வந்த?" என்று கேட்டார். சொந்த ஊர்க்காரனையே அப்படிக் கேட்கும் நிலை. ஆனால் கேள்வி சரியானது. எழுதுகிறவன் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இந்த இடத்தில் அமெரிக்கப் பயண எழுத்தாளர் போல் தெரூ நினைவுக்கு வருகிறார். பலருக்கு அவரைப் பிடிக்காது. சிடுமூஞ்சி, போகிற இடமெல்லாம் குறை சொல்கிறவர். 1975இல் வந்த 'த கிரேட் ரெயில்வே பஸார்' நூலில் இலங்கையும் தப்பவில்லை. ஆனால் 2002இல் வெளியான அவரது 'டார்க் ஸ்டார் சஃபாரி'யைத் தொண்டுப் பயணம் போகும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கலாம். 1963இல் அமெரிக்க சமாதானப் படைத் தொண்டராக மலாவிக்குப் போய், சோச்சே ஹில்லில் ஆசிரியராக இருந்தவர் அவர். ஜனாதிபதி பண்டாவின் எதிராளிகளுக்கு உதவினாரென்று 1965இல் வெளியேற்றப்பட்டார். ஏறத்தாழ முப்பத்தைந்து வருடங்களுக்குப் பின், கெய்ரோவிலிருந்து கேப்டவுன் வரை தரை வழியாகப் போகும்போது, தான் கற்பித்த இடத்துக்குத் திரும்பிப் போகிறார். கட்டடங்கள் சிதைந்திருக்கின்றன. நூலகத்தில் புத்தகங்கள் இல்லை. உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் மட்டும் புத்தம் புதிதாக ஓடுகின்றன. வழியில் கை காட்டினால் ஏற்றிக்கொள்வதுமில்லை. வெளியார் வந்து கற்பிக்க வந்து கற்பிக்க, உள்நாட்டு ஆசிரியரும் வைத்தியரும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்ற முடிவுக்கு அவர் வருகிறார். 2005 டிசெம்பரில் நியூயோர்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையிலும், ஆபிரிக்காவை இரட்சிக்கப் புறப்பட்ட பாடகர்களை நோக்கி இதையே சொன்னார்.

இந்த முடிவு முழுக்கச் சரியென்று நான் சொல்லவில்லை. சில நாட்கள் தங்கிவிட்டு ஒரு கண்டத்துக்கே தீர்ப்பெழுதும் பழைய நோய் அவரிடமும் உண்டு. ஆபிரிக்காவைப் பற்றி வெளியார் எழுதும் விதத்தை அதே 2005இல் கென்ய எழுத்தாளர் பின்யவாங்கா வைனைனா கிராண்டா சஞ்சிகையில் கிழித்துத் தொங்கவிட்டபோது, அந்தக் கிழிசலில் தெரூவின் சட்டையும் அகப்பட்டிருக்கக் கூடும். ஆயினும் ஒன்று உண்டு. அவர் திரும்பிப் போனார். தான் தொண்டு செய்த இடத்தையே, தன் உழைப்பின் பயனையே, விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டார். குற்றவாளிக் கூண்டில் அவரது இளமைக் காலமும் நிற்கிறது. எங்கள் கரைக்கு வந்த எழுத்தாளர்களில் பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்து, தான் வர்ணம் பூசிய சுவர் நிற்கிறதா என்று பார்த்தவர் எவரையும் நான் காணவில்லை.

வெளியாரை மட்டும் சொல்வதற்கில்லை. 2011 ஜனவரியில் காலி இலக்கிய விழாவைப் புறக்கணிக்கும்படி எல்லைகளற்ற ஊடகவியலாளர் அமைப்பு வேண்டுகோள் விடுத்தது. நோம் சோம்ஸ்கியும் அருந்ததி ராயும் கையொப்பமிட்டார்கள். ஊடகவியலாளர் பிரகீத் எக்னலிகொட காணாமற்போய் அப்போது ஒரு வருடம். போகலாம், போய்ப் பேசலாம் என்றார்கள் சிலர். போகவே கூடாதென்றார்கள் சிலர். எந்தப் பக்கம் சரியென்பது ஒருபுறமிருக்க, அழைத்தவர் யார், எந்த நாட்டில், எந்த நேரத்தில் என்ற கேள்வி அன்று பகிரங்கமாகக் கேட்கப்பட்டது. நம் தமிழ் மாநாடுகள் எதிலும் அப்படி ஒரு கேள்வி எழுந்து நான் கண்டதில்லை. பெண் எழுத்தாளர்களுக்கு ஏன் கடைசி நாள் கடைசி அரங்கு என்று கூட, மண்டபத்துக்கு வெளியே தேநீர் குடிக்கும்போதுதான் கேட்கிறோம்.

இனி என் ஆறு பகுதிகள். கடல் கடந்த நகரம் ஒன்றில் நடந்த மாநாட்டுக்கு அழைப்பு வந்து போனேன். சீட்டு அவர்களுடையது, அறை அவர்களுடையது. ஏற்பாட்டாளரின் மகனே விமான நிலையத்துக்கு வந்து என் பெட்டியைத் தூக்கினார். இரண்டாம் நாள் பகல் உணவுக்காக மண்டபத்திலிருந்து விருந்துக் கூடத்துக்குப் போகும் வழியில், வாசலில் வயதானவர் ஒருவர் காவலாளியோடு பேசிக் கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அவருடைய சிறுகதைகளை வாசித்துத்தான் நான் எழுதவே தொடங்கினேன். அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பெயர் பட்டியலில் இல்லை, அட்டை இல்லை, ஆகவே உள்ளே விட முடியாது. ஏற்பாட்டுக் குழுவில் ஒருவரோடு அவருக்கு ஏதோ பழைய மனத்தாங்கல் என்று பின்னர் அறிந்தேன். ஸலாம் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு, "இலங்கையிலிருந்தா தம்பி? அங்கே இப்போது யார் நன்றாக எழுதுகிறார்கள்?" என்று கேட்டார். இரண்டு பெயர் சொன்னேன். பின்னாலிருந்து யாரோ, சாப்பாடு ஆறுகிறது என்றார்கள். நான் உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவர் இல்லை.

என் கட்டுரையின் மூன்றாம் பகுதியில் அந்த விருந்து ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. பிரியாணியின் வாசனை, கத்தரிக்காய்ப் பச்சடி, பரிமாறிய தம்பிமார்களின் உபசாரம். வாசல் இல்லை. எழுதும்போது நினைவு வராமலில்லை. வந்தது. பெட்டியைத் தூக்கிய பையனின் முகமும் கூடவே வந்தது. அவனுடைய வாப்பாவின் மனம் நோகுமே என்று விட்டுவிட்டேன். வாசித்தவர்கள் பாராட்டினார்கள். ஏற்பாட்டாளரும் நகல் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் கொடுத்ததாகக் கடிதம் எழுதினார்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன இரண்டு பெயர்களில் ஒன்று என் நண்பருடையது; அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தொடரை நூலாக்கலாமென்று நண்பர்கள் சிலர் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். பழைய பிரதிகளை எடுத்துப் புரட்டியபோதுதான் இந்தக் கட்டுரையை எழுதும் எண்ணமே வந்தது. ஏழாம் பகுதியாக வாசலை எழுதியிருக்கிறேன். சீட்டு எவ்வளவு, அறை எவ்வளவு, யார் கொடுத்தார் என்ற கணக்கோடு. ஏற்பாட்டாளருக்கு அதன் பிரதியை அனுப்பிவிட்டு அச்சுக்குக் கொடுப்பதா, அச்சான பின் அனுப்புவதா என்று தீர்மானிக்க முடியவில்லை. இதற்கிடையே அவரிடமிருந்து அடுத்த மாநாட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது.